ஒழுகாமல் போன கூரை

வெர்லீன் டக்கிள் வேலை முடிந்து வீடு திரும்பியபோது அவள் கூரையின்மேல் ஒரு மனிதன் குந்தியிருந்தான்.

ஆறு வருடமாக அவள் வரச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்த மனிதன் அவன். தொலைபேசியில் மன்றாடியிருக்கிறாள், கடிதத்தில் மன்றாடியிருக்கிறாள், வாடகை அலுவலகத்தின் கண்ணாடிச் சன்னல் வழியாக நேரிலும் மன்றாடியிருக்கிறாள். இப்போது அவன் வந்தேவிட்டான். வெர்லீன் பையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

"யாருப்பா அது? இறங்கு கீழே!"

"வாடகை ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன் மேடம். பேரு வில்பர். கூரை ஒழுகுதுன்னு புகார் குடுத்திருந்தீங்களாமே?"

"குடுத்து ஆறு வருஷம் ஆச்சு!"

"அதான் வந்துட்டேன்ல?" என்றான் வில்பர் பெருந்தன்மையாக. வாயில் நான்கு ஆணிகள் இருந்ததால் அவன் சிரிப்பு கொஞ்சம் பயமுறுத்தியது.

"இன்னைக்கு வேண்டாம்ப்பா. திங்கக்கிழமை வா. திங்கக்கிழமை வந்து எத்தனை ஆணி வேணாலும் அடி."

"முடியாது மேடம். கூரை, குளியலறைத் தரை, சமையலறை சுவிட்ச், மூடாத சன்னல், எல்லாத்தையும் சனிக்கிழமை காலையில பத்து மணிக்குள்ள முடிக்கணும்னு உத்தரவு. இல்லேன்னா எனக்கு வேலை போயிடும்."

சனிக்கிழமை காலை பத்து மணி. வெர்லீன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் எட்டு மணி நேரம் படுக்கை விரிப்புகளைப் பிழிந்துவிட்டு வந்த கால்கள். உட்கார அவற்றுக்குக் காரணமே தேவையில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான், ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் தேவாலய அமைப்பான மூலைக்கல் வீட்டு ஊழியத்தின் குழு அவள் வீட்டைப் பார்வையிட வருகிறது.

மூலைக்கல் ஊழியம் யாருக்கும் வீட்டைச் சும்மா கொடுப்பதில்லை. அதை அதன் தலைவர், சபைப் பொறுப்பாளரான டீக்கன் பீபிள்ஸ், ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று முறை சொல்வார். "இது தானம் அல்ல சகோதரிகளே, தோள் கொடுத்தல்!" சபைக்காரர்கள் கூடி வீட்டைக் கட்டுவார்கள். வீடு பெறுகிறவள் முந்நூறு மணி நேரம் அவர்களோடு சேர்ந்து சுத்தியலும் மண்வெட்டியும் பிடிக்க வேண்டும். பிறகு வட்டியில்லாத தவணையில் இருபது வருடம் கட்டி அடைக்க வேண்டும். வெர்லீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தாள். நிலையான வேலை இருக்கிறதா? இருக்கிறது. உழைக்கச் சம்மதமா? அவள் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறாள்?

பாக்கி ஒன்றுதான். இப்போது குடியிருக்கும் வீடு மனிதர் வாழத் தகுதியில்லாதது என்பதைக் குழு கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் வெர்லீனுக்குக் கவலையே இருந்ததில்லை. ஜார்ஜியா மாநிலத்திலேயே அந்தத் தகுதியில்லாமைக்கு அவள் வீட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஏழு பாத்திரங்கள் வைத்தால்தான் மழைக்காலத்தில் தூங்க முடியும். சுவரில் பூத்த கறுப்புப் பூஞ்சையால் ஏழு வயது மகன் டெரன்ஸுக்கு வருடத்தில் பாதி நாள் மூச்சு இளைத்தது. இந்த முறை தவறினால் வரிசையில் அடுத்த முறை வர மூன்று வருடம் ஆகும். மூன்று வருடத்துக்கு அந்தப் பிள்ளையின் நெஞ்சு தாங்குமா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கேள்வி.

அவள் எழுந்தாள். ஆளைத் தடுக்க முடியாவிட்டால் தாமதப்படுத்தலாம். அந்த ஊரில் ஓர் ஆண்பிள்ளையைத் தாமதப்படுத்தச் சாப்பாட்டைவிட நல்ல வழி கிடையாது.

"வில்பர், வெயில்ல காயாதே. வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

மொச்சை, பொரித்த வெண்டைக்காய், வெண்ணெய் வழியும் சோள ரொட்டி, பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைத்த கீரை, ஐஸ் மிதக்கும் சர்க்கரைத் தேநீர். இதைச் சாப்பிட்டவன் மாலைவரை எழமாட்டான் என்று அவள் கணக்குப் போட்டாள்.

வில்பர் இருபது நிமிடத்தில் தட்டைத் துடைத்து வைத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"என் பொண்டாட்டி போய் நாலு வருஷமாச்சு மிஸ் வெர்லீன். அதுக்கப்புறம் யாரும் என்னை உட்காரவெச்சுச் சோறு போட்டதில்லை."

"ஐயோ பாவம். இன்னும் கொஞ்சம் வெச்சுக்க. மெதுவா சாப்பிடு."

"வேண்டாம். உங்களுக்கு நான் ஏதாவது செய்யணும்." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "பட்டியல்ல இல்லாததையும் பார்த்துடறேன். அந்த வலைக்கதவு, பின் படிக்கட்டு, கழிவறைத் தொட்டி எல்லாம். காசு வேண்டாம்."

இருட்டுகிறவரை அவன் சுத்தியல் ஓயவில்லை.

பக்கத்து வீட்டு ஒடெஸா வேலியோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். அவள் முகத்தில் பரவசம் இருந்தது.

"அல்லேலூயா! பார்த்தியாடி? வேலை செஞ்சிருச்சு!"

"என்ன வேலை செஞ்சிருச்சு?"

"ஜெபச் சங்கிலி! போன புதன்கிழமை உன் கூரையை நான்தான் அதுல போட்டேன். நாப்பத்திரண்டு பேரு உன் கூரைக்காக முழங்கால் போட்டாங்க."

வெர்லீன் அவளையே பார்த்தாள். "ஆறு வருஷமா போடாம இந்தப் புதன்கிழமைதான் உனக்குக் கிடைச்சுதா?"

"அதுவரைக்கும் மிஸ் கிளாடிஸோட இடுப்பு எலும்பு இருந்துச்சு. ஒண்ணு முடிஞ்சாத்தானே அடுத்தது?"

"ஒடெஸா, சனிக்கிழமை குழு வருது. வீடு நாறிக் கிடந்தாத்தான் எனக்கு வீடு. கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார், சரி. தேதியைப் பார்க்க வேண்டாமா? போய் அந்த ஜெபத்தை வாபஸ் வாங்கு."

"வாபஸ் எப்படிடி வாங்கறது? நான் ஒருத்திக்குப் போன் பண்ணுவேன், அவ அடுத்தவளுக்குப் பண்ணுவா. 'வெர்லீன் கூரைக்கு ஜெபிக்க வேண்டாம்'னு நான் ஆரம்பிச்சா, நாப்பத்திரண்டாவது ஆளுக்குப் போய்ச் சேரும்போது கூரை விழுந்து நீ செத்துட்டேன்னு ஆயிடும். பொழுது விடியறதுக்குள்ள உன் வாசல்ல துக்க வீட்டுச் சாப்பாடு பதினஞ்சு தட்டு வந்து இறங்கும்."

அவள் சொன்னதில் மிகையில்லை. போன வருடம் ஒருத்தியின் பூனைக்கு அப்படி நடந்தது.

ஒடெஸாதான் அடுத்த வழியும் சொன்னாள். "நாளைக்கு ஆபீஸுக்குப் போன் போட்டுப் புகார் குடு. ஆறு வருஷமா நீ புகார் குடுத்து ஏதாவது நடந்திருக்கா? புகார்னு கேட்டாலே எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க."

அதில் நியாயம் இருப்பதாக வெர்லீனுக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை காலை, சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு அழைத்தாள். வாடகை அலுவலகத்துப் பெண்ணின் குரல் அவளுக்குத் தன் சொந்தக் குரலைவிட நன்றாகத் தெரியும். "குறிச்சுக்கிட்டேன்" என்ற ஒற்றை வார்த்தைக்கு மேல் அது ஆறு வருடமாகப் பேசியதில்லை. வீட்டுக்காரர் யார் என்று கேட்டாலும் "குறிச்சுக்கிட்டேன்"தான். அந்த வீட்டுக்காரரை வாடகைக்கு இருந்த எவரும் கண்டதில்லை; அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை விசுவாசத்தால் மட்டுமே ஏற்க வேண்டியிருந்தது.

"உங்க ஆளு ஒரே சத்தம் போடறான். தூசி தாங்கலை. எல்லா வேலையையும் உடனே நிறுத்துங்க."

"மன்னிச்சுக்குங்க மிஸ் டக்கிள்!" என்று பதறியது குரல். "ஒரு ஆளால முடியலைன்னா இன்னொருத்தரையும் அனுப்பறேன். பெயின்ட் அடிக்கறவரு இப்பவே கிளம்பிட்டாரு."

"பெயின்டா? எனக்குப் பெயின்ட் வேண்டாம்மா!"

"உங்களுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. அப்புறம் ஒரு சின்ன விஷயம். புதுப்பிச்ச வீடுங்கறதால, அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை நூத்தம்பது டாலர் கூடும்."

வெர்லீன் தொலைபேசியை வைத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள். நூற்றைம்பது டாலர் கூடினால் அந்த வீட்டிலும் இருக்க முடியாது. நேற்றுவரை அவளிடம் ஓர் ஓட்டை வீடு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

மாலையில் போய்ப் பார்த்தால் சுவர் பாலாக மின்னியது. பூஞ்சையைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் அது மீண்டும் எட்டிப்பார்க்கும். ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு எட்டிப்பார்க்காது. பெயின்ட் வாசனையில் டெரன்ஸுக்கு இருமல் வர, அவனை ஒடெஸா வீட்டில் படுக்க வைத்தாள்.

"கடைசியா ஒண்ணு இருக்கு" என்றாள் ஒடெஸா, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு. "கூரையில தண்ணியடிப்போம். எங்கேயாவது ஒரு இடத்துல ஒழுகாமலா போயிடும்?"

அவள் வெளியே நின்று கூரையை நோக்கிக் குழாயைப் பிடித்தாள். வெர்லீன் உள்ளே நின்று கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அரை மணி நேரம் ஆனது.

"ஒழுகுதா?"

"இல்லை."

"இப்போ?"

"ஒரு சொட்டு இல்லை ஒடெஸா. கல்யாணப் பாத்திரம் மாதிரி இருக்கு."

தெருமுனையில் வண்டியைத் திருப்பிய வில்பர் அவர்களைப் பார்த்துக் கையசைத்தான். "நல்லா சோதிச்சுப் பாருங்க மிஸ் வெர்லீன்! பத்து வருஷத்துக்கு நான் பொறுப்பு! ஏணியை விட்டுட்டுப் போறேன், காலையில வந்து எடுத்துக்கறேன்!"

போகுமுன் ஒடெஸா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எது நடந்தாலும் சரி, காலையில வீட்டைப் பெருக்காதே. அப்படியே கிடக்கட்டும். சத்தியம் பண்ணு."

வெர்லீன் சத்தியம் செய்தாள்.

சபைக்காரர்கள் வீட்டுக்கு வருகிறார்கள், வீடு பெருக்காமல் கிடக்கிறது என்ற நிலையை அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? வெர்லீன் காலை ஆறு மணிவரை தாங்கினாள். ஆறேகாலுக்கு விளக்குமாறு அவள் கையில் இருந்தது. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஏழு மணிக்குத் திரைச்சீலைகளுக்கு இஸ்திரி போட்டாள். எட்டு மணிக்கு ஒரு வெண்ணெய்க் கேக் அடுப்பில் இருந்தது. விருந்தாளிக்குக் கேக் இல்லையென்றால் அவள் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வருவாள்.

ஒன்பது மணிக்குத்தான் நினைவு வந்து, மழைத் தண்ணீர் பிடிக்க வைக்கும் ஏழு பாத்திரங்களையும் எடுத்து, பழைய இடங்களில் சாட்சிக்கு வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். கூடத்தின் நடுவே காலிப் பாத்திரங்கள் அசிங்கமாக இருந்தன. பாழாய்ப்போன கை சும்மா இருந்தால்தானே? வேலியோரத்து ஜினியாப் பூக்களைப் பறித்து ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து வைத்தது.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

குழு என்பது இரண்டு பேர். முதலில் மிஸ் மிர்டிஸ். முப்பத்தைந்து வருடம் பள்ளியில் இலக்கணம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கையில் படிவமும் பேனாவும். பின்னால் டீக்கன் பீபிள்ஸ்; மரச்சாமான் கடை முதலாளி, கையில் ஒன்றுமில்லை. தலைவர்கள் எதையும் தூக்குவதில்லை.

கூடத்துக்கு நுழையும் இடத்தில் ஒரு தாழ்ந்த உத்தரம் உண்டு. முதல் தடவை வருகிற எவரும் அதில் முட்டிக்கொள்ளாமல் போனதில்லை. வெர்லீன் எச்சரிப்பதற்குள் மிஸ் மிர்டிஸ் முட்டிக்கொண்டார். டீக்கன் பேசிக்கொண்டே, பார்க்காமலே, பதமாகக் குனிந்து நுழைந்தார். எவ்வளவு பணிவான மனிதர் என்று வெர்லீன் நினைத்துக்கொண்டாள்.

டீக்கன் ஜெபத்துடன் தொடங்கினார். அது நீண்ட ஜெபம். போன வருடம் ஊழியத்துக்கு யார் எத்தனை கதவுகள் கொடுத்தார்கள் என்பதைக் கர்த்தர் மறந்திருக்கக்கூடும் என்ற கவலை அதில் இருந்தது. அந்த யார் வேறு யாருமில்லை, அவரேதான்.

"ஆமென்" என்றார் மிஸ் மிர்டிஸ், நெற்றியைத் தடவிக்கொண்டே. "இப்போ விதி ஏழு. நான் வாசிக்கணும். 'விண்ணப்பதாரரோடோ அவர் குடியிருக்கும் வீட்டோடோ குழுவில் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால், அவர் கையெழுத்து செல்லாது. மற்றவர் தனியாக முடிவு செய்யலாம்.' எனக்கு ஒண்ணும் இல்லை. பிரதர் பீபிள்ஸ்?"

டீக்கன் வலக்கையை உயர்த்தினார். "கர்த்தர் அறிய, ஒண்ணும் இல்லை."

பிறகு பார்வையிடல் தொடங்கியது. வெர்லீனின் வாழ்க்கையில் இதைவிட நீளமான கால்மணி நேரம் இருந்ததில்லை.

"இந்தச் சன்னல் மூடவே மூடாதுங்க" என்று இழுத்தாள். அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மூடியது.

"இந்த சுவிட்சைத் தொட்டா ஷாக் அடிக்கும்."

மிஸ் மிர்டிஸ் துணிந்து தொட்டார். விளக்கு எரிந்தது.

"குளியலறைத் தரை உளுத்துப்போய் அமுங்கும். கால் வெச்சா..."

டீக்கன் கால் வைத்தார். பிறகு, தன் நூற்றுப் பத்து கிலோவையும் கூட்டி, ஒருமுறை குதித்தும் காட்டினார். "கன்மலைமேல் கட்டின வீடு!" என்றார்.

"நேத்து வரைக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு. வியாழக்கிழமையிலேர்ந்து ஒருத்தர் வந்து..."

"சிஸ்டர் டக்கிள்," டீக்கன் குரலில் தேன் வழிந்தது, "எல்லாருமே நேத்து வரைக்கும்னுதான் சொல்றாங்க. நேத்தைய தினத்தை நாங்க எப்படிப் பார்வையிட முடியும்?"

"ஏழு இடத்துல ஒழுகும் சார். பாருங்க, பாத்திரம்கூட வெச்சிருக்கேன்."

இருவரும் பாத்திரங்களைப் பார்த்தார்கள். ஜினியாப் பூக்கள் மஞ்சளும் சிவப்புமாகச் சிரித்தன.

"அழகா வெச்சிருக்கம்மா" என்றார் மிஸ் மிர்டிஸ், மெய்யாகவே.

வெர்லீனுக்கு அழுகை வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. கேக்கை வெட்டி வைத்தாள்.

"சுவருக்குள்ள பூஞ்சை இருக்கு மேடம்" என்றாள் மெதுவாக. "மேல வெள்ளையடிச்சுட்டாங்க. என் பையனுக்கு மூச்சு விட முடியலை. பக்கத்து வீட்டுலதான் படுத்திருக்கான். இப்போ வாடகையும் ஏத்திட்டாங்க."

மிஸ் மிர்டிஸ் சுவரருகே போய் மோந்து பார்த்தார். பெயின்ட் வாசனைதான் வந்தது. "நான் உன்னை நம்பறேன்மா. ஆனா படிவத்துல 'கண்ணால் கண்டது'ன்னு இருக்கே? வீட்டுக்காரர் யாரு? அவரைக் கேட்டா உண்மை தெரியும்ல?"

"தெரியாது மேடம். ஆறு வருஷமா கேட்டுப் பார்த்துட்டேன். ஆபீஸ்ல சொல்ல மாட்டேங்கறாங்க."

டீக்கன் அவசரமாக இரண்டாவது கேக் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். விழுங்கி, வாயைத் துடைத்து, எழுந்து நின்றார். மார்பு நிமிர்ந்தது. கூட்டம் இரண்டே பேர் என்றாலும் அவர் அறுநூறு பேருக்குப் பேசுகிறவர்.

"சிஸ்டர் மிர்டிஸ், இரக்கம் நல்லதுதான். ஆனா உண்மையான தேவை உள்ளவங்க வெளியே காத்திருக்காங்க. இது நல்ல வீடு. கெட்டிக் கூரை, புதுப் பெயின்ட், மேஜைமேல கேக்! தனக்குக் கிடைச்ச ஆசீர்வாதத்தை அடையாளம் கண்டுக்கறதுதான் விசுவாசம். வாடகைக்கு விடறவங்கன்னாலே கொடுமைக்காரங்கன்னு ஊர் பேசுது. இந்த வீட்டைப் பாருங்க! ஏழைங்க குடியிருக்கற வீட்டை இத்தனை அக்கறையா வெச்சிருக்கானே, இந்த வீட்டுக்காரன் யாரோ எவனோ, அவன் கையைப் பிடிச்சுக் குலுக்கணும் போல இருக்கு எனக்கு. எழுதுங்க: புது வீட்டுக்கு சிஸ்டர் டக்கிளுக்குத் தகுதியில்லை."

மிஸ் மிர்டிஸ் பெருமூச்சு விட்டுப் பேனா மூடியைத் திறந்தார். 'தகுதியில்லை' என்ற கட்டத்துக்கு மேலே பேனாமுனை தயங்கி நின்றது. வெர்லீன் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொஞ்சம் அதிகமாக ஊற்றியிருக்கலாம், சாயங்காலம்வரை தாங்காது என்று நினைத்தாள்.

அப்போது பின்கதவு திறந்தது. ஏணியை எடுக்க வந்த வில்பர் கூடத்துக்குள் தலையை நீட்டினான். எதிரே நின்றவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

"அட, முதலாளி! உங்க வீட்டைப் பாக்க நீங்களே நேர்ல வந்துட்டீங்களா? சபைக்காரங்க பத்து மணிக்கு வந்து பாக்கறப்போ ஒழுகினதோ உளுத்ததோ ஒரு தடம்கூடத் தெரியக் கூடாதுன்னு சொன்னீங்களே, எல்லாத்தையும் சுத்தமா மறைச்சாச்சு. ஏன், இன்னும் அவங்க வரலையா?"